சுத்திகரிப்புக்கு முன்னால் குழாய்: சென்னையின் பாதாளச் சாக்கடையைப் புதுப்பிப்பது குறித்து

இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு உண்டாகும் கழிவுநீர் 72,368 மில்லியன் லிட்டர் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ஆம் ஆண்டு அறிக்கையில் மதிப்பிட்டது. அதைச் சுத்திகரிக்க நிறுவப்பட்டிருந்த திறன் 31,841 மில்லியன் லிட்டர். பாதிக்கும் குறைவு என்ற இந்த ஒப்பீடுதான் திட்ட அறிக்கைகளில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகிறது. இன்னும் நிலையங்கள் கட்ட வேண்டும் என்ற முடிவும் அதிலிருந்து எளிதாக வந்துவிடுகிறது. அதே அறிக்கையில் அதிகம் பேசப்படாத இன்னோர் எண் இருக்கிறது. உண்மையில் நிலையங்களுக்கு வந்து சுத்திகரிக்கப்பட்ட நீர் 20,235 மில்லியன் லிட்டர் மட்டுமே. பழுதாகியும் தொடங்கப்படாமலும் கிடந்தவற்றைக் கழித்துவிட்டால்கூட, ஓடிக்கொண்டிருந்த நிலையங்களின் திறனில் கால் பங்கு பயன்படவில்லை. வருங்கால மக்கள்தொகையைக் கணக்கிட்டுக் கட்டப்படும் நிலையத்தில் தொடக்க ஆண்டுகளில் கொஞ்சம் இடைவெளி இருப்பது இயல்புதான். ஆனால் நிலையத்தில் இடம் காலியாக இருக்கும் அதே ஊரில் ஆறு சாக்கடையாக ஓடுகிறது என்றால், கோளாறை நிலையத்தில் தேடிப் பயனில்லை. வீட்டுக்கும் நிலையத்துக்கும் நடுவே மண்ணுக்கடியில் கிடக்கும் குழாயில் தேட வேண்டும். பழைய கழிவுநீர்க் கட்டமைப்பைப் புதுப்பிக்கும் பணி அந்தக் குழாயிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்குச் சென்னையே தக்க சான்று.

சென்னையின் பாதாளச் சாக்கடைத் திட்டம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுக்கப்பட்டது. 1961-இல் நகரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று அது எதிர்பார்த்தது. 1961 கணக்கெடுப்பில் நகர மக்கள்தொகை 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அதற்குப் பிறகு விரிவாக்கங்கள் நடந்தன. 1978-இல் சென்னைக் குடிநீர் வாரியம் அமைந்தது. கோயம்பேடு, கொடுங்கையூர், நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்கள் கட்டம் கட்டமாகப் பெருகின. 2011-இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் பெரும்பாலானவற்றில் அன்று பாதாளச் சாக்கடையே கிடையாது. இவ்வாறு ஒரே நகரத்துக்குள் இருவேறு நிலைகள் உருவாயின. நடுவில் சுமை தாங்காத முதிய குழாய்கள். ஓரங்களில் செப்டிக் டாங்கும் லாரியும். முந்தையதன் சிக்கல் கண்ணுக்குத் தெரிவதில்லை. பிந்தையதற்குப் புதிய திட்டம் அறிவித்தால் பெயர் கிடைக்கிறது. பணம் எந்தப் பக்கம் போகும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை.

குழாய் எப்படிச் சாகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனெனில் முதுமையைவிட அதன் வேதியியலே இங்கு முக்கியம். கழிவுநீர் தேங்காமல் ஓட, தொடக்கக் காலத்திலேயே வினாடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது வேண்டும் என்கிறது மத்திய அரசின் 2013 பொறியியல் கையேடு. சென்னை தட்டையான கடற்கரைச் சமவெளி. இங்கே அந்த வேகத்துக்கு வேண்டிய சரிவு இயற்கையாகக் கிடைப்பது அரிது. அதனால்தான் 200-க்கும் மேற்பட்ட உந்து நிலையங்கள் நீரைத் தூக்கித் தூக்கி அனுப்புகின்றன. வேகம் குறைந்த இடத்தில் வண்டல் படியும். வண்டலில் ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்கும். அந்த வாயு மேலெழுந்து குழாயின் கூரைப் பகுதியில் உள்ள ஈரத்தில் கரைகிறது. அங்கே வாழும் வேறு வகை பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் கான்கிரீட்டில் உள்ள சிமெண்டை ஜிப்சமாக்கி உதிர்க்கிறது. அடிப்பகுதி உறுதியாக இருக்க, கூரை மட்டும் மெலிந்து ஒருநாள் சாலையோடு உள்வாங்குகிறது. வெப்பம் இந்த வினைகளை விரைவுபடுத்துவதால் குளிர்நாட்டுக் குழாய்க்கு வகுத்த ஆயுள் சென்னைக் குழாய்க்குப் பொருந்தாது. இதில் தண்ணீர்ப் பஞ்சத்துக்கும் பங்குண்டு. வழங்கும் குடிநீரில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்ற கணக்கில்தான் குழாயின் அளவு தீர்மானிக்கப்படுகிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு வீட்டுக்கு வரும் தண்ணீர் சுருங்கியதைப் போன்ற காலங்களில், குழாயை அலசித் தள்ளும் நீரும் சுருங்குகிறது. வடகிழக்குப் பருவமழையில் நிலைமை தலைகீழ். விரிசல்கள் வழியே நிலத்தடி நீர் உள்ளே புக, தெருவில் தேங்கிய மழைநீரை வடிப்பதற்காக மேன்ஹோல் மூடிகளும் திறந்துவிடப்பட, குழாய் பொங்கி வழிகிறது. ஆகவே கோடையில் உறைந்தும் மழையில் நிரம்பியும் கிடக்கும் ஒரு வலையமைப்பின் முனையில் எவ்வளவு நவீனமான நிலையத்தை வைத்தாலும், அதற்குச் சீரான நீர் வந்து சேராது.

மேலே சொன்ன அதே வாயுதான் மனிதரைக் கொல்கிறது. செய்திகளில் ‘விஷவாயு தாக்கி’ என்று ஒற்றை வரியில் முடியும் மரணங்கள், அடைத்துக்கொண்ட குழாயில் தேங்கிய ஹைட்ரஜன் சல்ஃபைடின் வேலை. கைகளால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உயிரிழந்தோர் குடும்பங்களுக்கு 2014-இல் 10 லட்சம் ரூபாய் என்று விதித்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-இல் 30 லட்சமாக உயர்த்தியது. இருந்தும் 1993 முதல் பதிவான சாக்கடை மரணங்களில் தமிழ்நாடே முதலிடத்தில் இருக்கிறது. இதற்கு ஜெட் ராடிங் வண்டிகளும் ரோபோக்களும் போதும் என்று சொல்லப்படுகிறது. அவை வேண்டும், உடனே வேண்டும். ஆனால் இடிந்த குழாயின் கல்லையும் வேரையும் நீர்ப்பீச்சு அகற்றாது. குறுகிய தெருவுக்குள் பெரிய வண்டி நுழையாது. இயந்திரம் தோற்கும் அந்த இடத்துக்குத்தான் இன்றும் மனிதர் இறக்கப்படுகிறார். அவர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி; எப்போதும் என்று சொல்லுமளவுக்கு ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். குழாயைப் புதுப்பிக்காமல் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டின் விலையையும் அவருடைய உடல் கொடுக்கிறது. எனவே புதுப்பித்தலில் எதற்கு முன்னுரிமை என்ற கேள்வியைப் பொறியியல் வசதியை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது.

இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு நிலையங்கள் தரப்பிலிருந்து வரும். அவையும் பழையவை, குழாயை மட்டும் சீர்செய்தால் கூடுதல் கழிவுநீர் வந்து அவை திணறும், மறுபயன்பாட்டுக்கு உயர்தரச் சுத்திகரிப்பு வேண்டாமா? நியாயமான கேள்வி. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு 45 மில்லியன் லிட்டர் திறனுள்ள மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு ஆலைகள் தொழிற்சாலைகளுக்கு நீர் தருவது, பஞ்சத்தை அறிந்த நகரம் எடுத்த நல்ல முடிவு. ஆனால் அத்தகைய ஆலையின் சவ்வுகளுக்கு உப்புச் செறிவு பெரும் சுமை. கடலோரத்தில் விரிசல் குழாய்க்குள் கசியும் உவர்நீர் அந்தச் சுமையைக் கூட்டுகிறது. மறுபயன்பாடே நல்ல குழாயைக் கேட்கிறது. லண்டனையும் பார்க்கலாம். 1858-இன் பெருநாற்றத்துக்குப் பின் ஜோசப் பசால்ஜெட் கட்டிய சாக்கடைகள் இன்றும் வேலை செய்கின்றன. நிரம்பும்போது மட்டும் அவை தேம்ஸ் நதியில் வழிந்தன. அதைத் தடுக்க அந்த நகரம் நிலையங்களைப் பெருக்கியதோடு நிற்கவில்லை. 25 கிலோமீட்டர் நீளமும் 7 மீட்டருக்கு மேல் விட்டமும் கொண்ட சுரங்கத்தைத் தோண்டி, 2025-இல் முழுமையாக இணைத்தது. நிலையங்களைச் சீர்செய்த பிறகும், நீரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழிக்குத் தனியே பெருஞ்செலவு தேவைப்பட்டது என்பதே அங்கிருந்து கிடைக்கும் சான்று.

அடுத்தது, சாலைகளையெல்லாம் வெட்ட முடியுமா என்ற மறுப்பு. இன்று எல்லாவற்றையும் வெட்ட வேண்டியதில்லை. பிசின் ஊறிய உறையைப் பழைய குழாய்க்குள் செலுத்தி, இறுகச் செய்து, உள்ளேயே புதுக் குழாய் உண்டாக்கும் முறை 1971-இல் லண்டனில்தான் முதன்முதலாகக் கையாளப்பட்டது. முற்றிலும் இடிந்த குழாய்க்கு இது உதவாது. சுமை பல மடங்கு கூடிவிட்ட சிறு குழாய்க்கும் உதவாது. அங்கே வெட்டத்தான் வேண்டும். எது எந்த வகை என்று தெரிய, கேமரா அனுப்பிக் குழாய் குழாயாகப் பார்த்து நிலைமையைப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு வட்டாரத்திலும் தனித்தனிச் சிறு நிலையம் போதும் என்பாருக்கும் இதே பதிவு பதில் சொல்லும். புறநகர்ப் புதுக் குடியிருப்புகளுக்கு அவர்கள் சொல்வது பொருந்தும். நிலமே இல்லாத வடசென்னைத் தெருக்களுக்குப் பொருந்தாது.

கடைசியாகப் பணம். 2005-இல் வந்த நேரு நகர்ப்புறப் புதுப்பித்தல் திட்டமானாலும் 2015-இன் அம்ருத் ஆனாலும், மானியம் கட்டுமானத்துக்குத் தரப்பட்டது. பராமரிப்பு உள்ளாட்சியின் தலையில் விழுந்தது. ஆகவே குழாய் முற்றிலும் கெட்டுப் புதிய ‘திட்டம்’ ஆகும்வரை காத்திருப்பதே நிர்வாகத்துக்கு லாபமாகிவிடுகிறது. மக்கள் இதற்குப் பணம் தரமாட்டார்கள் என்ற வாதத்தை ஆலந்தூர் பொய்யாக்கியது. தனி நகராட்சியாக இருந்த காலத்தில், பாதாளச் சாக்கடைக்காக அங்குள்ள வீட்டுக்காரர்கள் 5,000 ரூபாய் முன்வைப்புத் தொகை கட்டினார்கள். குழாய் வீட்டு வாசலுக்கு வரும் என்ற நம்பிக்கை இருந்தது, கட்டினார்கள். இதேபோல், மத்திய மானியத்தின் ஒரு பங்கை, கேமராவால் ஆய்வு செய்து புதுப்பித்த குழாயின் நீளத்தோடு பிணைக்கலாம். விளைவை அளக்கவும் வழி இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் சென்னையின் மழைநீர் வடிகால்களில் ஏறக்குறைய எதுவும் ஓடக் கூடாது. அந்த மாதங்களில் கூவத்திலும் அடையாற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் அவை வந்து சேரும் வாய்களில் நீரோட்டத்தை அளந்து, வார்டு வாரியாக ஆண்டுதோறும் வெளியிட்டால், எந்தத் தெருவின் குழாய் எவ்வளவு கழிவுநீரைத் தவறவிடுகிறது என்பது அங்கே வாழும் எவருக்கும் தெரிந்துவிடும்.