மூச்சிலிருந்து வலிமைக்கு: புதுச்சேரியில் உள்ளாற்றல் பயிற்சி, 1910–2003

சிலம்பமோ குத்துவரிசையோ, எதைக் கற்றாலும் வாத்தியார் ஒரு கட்டத்தில் மூச்சுக்கு வந்துவிடுவார். தம் கட்டிக்கொண்டு அடித்தால் அடி தோளோடு நின்றுவிடும், மூச்சை விட்டு அடித்தால்தான் அது இடுப்பிலிருந்து வரும் என்பார். இதற்குப் பின்னால் நெடிய மரபு உண்டு. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் உள்ளிழுக்க 16, அடக்க 64, வெளிவிட 32 மாத்திரை என்று கணக்குச் சொல்கிறது. வர்ம மரபு படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 இடங்களில் உயிர்க்காற்றின் ஓட்டத்தைக் காண்கிறது. ஆனால் இவை ஆசானுக்கும் மாணவனுக்கும் இடையே காதோடு காதாகப் போன வித்தைகள். புதுச்சேரியில் மூச்சு தரும் இந்த உள்ளாற்றல் பற்றிய பேச்சு நூறாண்டுக்குள் திறந்த மைதானத்துக்கும், அங்கிருந்து ஆய்வுக்கூடத்துக்கும் வந்தது. அந்த நகர்வே இக்கட்டுரையின் பொருள்.

1910 ஏப்ரல் 4 அன்று அரவிந்தர் புதுச்சேரியில் இறங்கினார். அதே ஆண்டின் பிற்பகுதியில் புரட்சியாளர் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார். பிரிட்டிஷ் போலீஸின் கைக்கு எட்டாத பிரெஞ்சு மண் இருவருக்கும் புகலிடம். ஐயர் இளைஞர்களுக்கு உடற்பயிற்சியும் துப்பாக்கி சுடுதலும் கற்பித்தார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனும் அவரிடம் பயின்றவர். ஐயர் தேடியது போருக்கான உடல். அரவிந்தர் தேடியது வேறு.

பரோடாவில் 1905 வாக்கில் அவர் பிராணாயாமம் தொடங்கியிருந்தார். நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரம் செய்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். உடல்நலம் கூடியது, கவிதை வெள்ளமாக வந்தது. அரசியல் வேலையில் பயிற்சி விட்டுப்போனபோது கடும் நோயில் விழுந்தார். புதுச்சேரியில் சங்கர செட்டியார் வீட்டில் தங்கியிருந்த காலத்தில் 23 நாள் உணவின்றி இருந்து பார்த்தார். தினமும் எட்டு மணி நேர நடை நிற்கவில்லை, மனவேலையும் குறையவில்லை. தளர்ச்சி இல்லை, ஆனால் சதை கரைந்தது. ஆற்றலை வேறெங்கிருந்தோ பெறலாம், கரைந்த சதையை ஈடுசெய்ய வழி தெரியவில்லை என்பதே அவர் கண்ட முடிவு. உள்ளாற்றல் பற்றிய பேச்சில் இத்தனை நேர்மையான சோதனைக் குறிப்பு அரிது. தனக்குச் சாதகமான பாதியை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்களே அதிகம்.

‘ஆர்யா’ இதழில் (1914–1921) தொடராக வந்த யோக நூலில், ஆசனத்தையும் பிராணாயாமத்தையும் அடிப்படையாகக் கொண்ட ஹடயோகத்தை அவர் ஒதுக்கி வைப்பதை இந்தப் பின்னணியில் வாசிக்க வேண்டும். பலன் பெரிது என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் அது கேட்கும் நேரமும் உழைப்பும் மனிதனை அன்றாட வாழ்விலிருந்தே பிரித்துவிடுகின்றன என்பது அவர் வாதம்.

அப்படிப்பட்டவரின் ஆசிரமத்தில் 1945-ல் உடற்கல்வித் துறை தோன்றியது விந்தைதான். காரணம் நடைமுறை சார்ந்தது. உலகப் போரின்போது குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து தங்கின. 1943 டிசம்பரில் பள்ளி திறக்கப்பட்டது. பிள்ளைகளுக்கு மைதானம் தேவைப்பட்டது. வங்காளத்திலிருந்து வந்த பிரணாப் குமார் பட்டாச்சார்யா பொறுப்பேற்றார். ஓட்டம், ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை, மல்யுத்தம் என்று பயிற்சிகள் பெருகின. ஆசிரமத்தை வழிநடத்திய அன்னையே ஏறத்தாழ எண்பது வயது வரை டென்னிஸ் ஆடினார். விளையாட்டுக்கும் யோகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சில சாதகர்கள் முணுமுணுத்தார்கள். 1949 பிப்ரவரியில் தொடங்கிய ‘புல்லட்டின்’ காலாண்டிதழில் அரவிந்தர் எழுதிய கட்டுரைகளை அந்த முணுமுணுப்புக்கான விடையாகவும் கொள்ளலாம். உடல் வலிமையை அவர் இங்கே யோகத்துக்குள்ளேயே சேர்த்துக்கொள்கிறார். ஆனால் அதை அடையும் வழியாக அவர் முன்வைத்தது மூச்சடக்கத்தை அல்ல.

மூச்சு திரும்பி வந்தது 1968-ல். கனடாவில் மருத்துவராக இருந்த சுவாமி கீதானந்த கிரி அவ்வாண்டு புதுச்சேரியில் ஆனந்தா ஆசிரமத்தை நிறுவினார். அவர் முறையில் மர்மம் குறைவு, கணக்கு அதிகம். நுரையீரலைக் கீழ், நடு, மேல் என மூன்றாகப் பிரித்துத் தனித்தனியே மூச்சை நிரப்பப் பழக்கினார். சாவித்திரி பிராணாயாமத்தில் எட்டு எண்ணிக்கை உள்ளே, நான்கு நிறுத்தம், எட்டு வெளியே, நான்கு வெறுமை. எண்ணத் தெரிந்தவர் எவரும் செய்யலாம்.

எண்ணக்கூடியதை அளக்கவும் முடியும். 1823-ல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மரில், உடலியங்கியல் பேராசிரியர் மதன்மோகன் குழு 1992-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 27 மாணவர்கள், 12 வார யோகப் பயிற்சி. ஒளியைக் கண்டு வினையாற்றும் நேரம் 270 மில்லி நொடியிலிருந்து ஏறத்தாழ 225 ஆகக் குறைந்தது. ஒலிக்கு 194-லிருந்து 157. மூச்சை வெளித்தள்ளும் உச்ச அழுத்தம் 93 மி.மீ. பாதரச அளவிலிருந்து 126 ஆக உயர்ந்தது. கைப்பிடி வலுவும் கூடியது.

சிலம்பக்காரனுக்கு இதன் பொருள் என்ன? கம்பு நுனி நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வருவதாக வைத்துக்கொண்டால், மிச்சமாகும் 45 மில்லி நொடியில் அது 45 செ.மீ. கடக்கும். தலையை விலக்கிக்கொள்ள அது போதும். ஆனால் விளக்கைக் கண்டு பொத்தானை அழுத்துவதும் எதிராளியின் பாவலாவைப் படிப்பதும் ஒன்றல்ல. ஒரே சோதனையை இரண்டாம் முறை செய்யும்போது பழக்கத்தாலேயே கை வேகம் கூடுவதும் உண்டு. ஆகவே, பயிற்சி பெறாத பிள்ளைகளையும் ஒப்பீட்டுக்கு வைத்துப் பள்ளி மாணவரிடம் ஆறு மாதம் நடந்த, 2003-ல் வெளியான ஜிப்மர் ஆய்வை நான் கூடுதலாக மதிக்கிறேன். அதிலும் கைப்பிடி வலுவும் மூச்சழுத்தமும் உயர்ந்தன. அதே ஆண்டு வந்த மற்றொன்று, வாயால் ‘ஊஷ்’ என்று மூச்சை உதறித் தள்ளும் முக பஸ்திரிகையை 22 பள்ளிச் சிறுவர்களிடம் சோதித்தது. பயிற்சி முடிந்த கையோடு அளந்தபோதே வினை நேரம் குறைந்திருந்தது. குத்துவரிசையில் அடியோடு சேர்த்து விடும் மூச்சுக்கு மிக அருகில் நிற்பது இதுதான்.

இங்கிருந்து அடுத்து வேண்டியது எளிய ஒப்பீடு: சிலம்பம் மட்டும் பழகும் பிள்ளைகள் ஒரு பக்கம், அதோடு பிராணாயாமமும் பழகும் பிள்ளைகள் மறுபக்கம், அளக்க வேண்டியது பொத்தானை அழுத்தும் விரலை அல்ல, கம்பின் வீச்சை. இரு வகைப் பிள்ளைகளும் புதுச்சேரியிலேயே கிடைப்பார்கள்.