புறத்துத் தூசியும் அகத்துக் கரியும்

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் மூட்டை ஏற்றி வரும் டீசல் பிக்கப்பில் மைலேஜ் குறைந்தால், மெக்கானிக் இரண்டு சென்சார்களைச் சந்தேகிப்பார். ஏர் ஃபில்டரை அடுத்த குழாயில் இருப்பது எம்ஏஎஃப். இன்டேக் மேனிஃபோல்டில் பதிந்திருப்பது எம்ஏபி. முன்னது காற்றின் நிறையை அளக்கிறது; பின்னது அதன் அழுத்தத்தை.

முன்னதன் அழுக்கு புறத்திலிருந்து வருவது: களத்துப் பதர்த்தூசி, திண்டிவனம்–திருவண்ணாமலைச் சாலைப் புழுதி. ஃபில்டர் பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் இவை நேரே உள்ளே புகும். பின்னதன் அழுக்கு அகத்திலேயே விளைவது: ஈஜிஆர் வால்வு திருப்பிவிடும் புகைக்கரியும், கிராங்க் கேஸிலிருந்து ஏறும் எண்ணெய் ஆவியும் கலந்த பிசுக்கு.

பிழையின் தன்மையும் வேறு. காற்றை அளக்கும் சூடான படலத்தில் தூசி படிந்த எம்ஏஎஃப், பெரும்பாலும் காற்றைக் குறைத்துச் சொல்லும். துளை அடைபட்ட எம்ஏபி, அழுத்த மாற்றத்தைத் தாமதித்துச் சொல்லும். குறைத்த கணக்கை நம்பி என்ஜினின் கணினியான இசியூ டீசலைச் சுருக்குகிறது. தாமதித்த கணக்கை நம்பி டீசலைத் தயங்கித் தருகிறது. இங்கேதான் எதிர்பாராத உறவு தெரிகிறது. இரண்டிலும் இழுவை குறைய, ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை அழுத்துகிறார், கீழ் கியரிலேயே நீடிக்கிறார். மைலேஜின் ஒரு பகுதி அவர் காலடியில் கரைகிறது.

தற்காப்பிலும் தற்சோதனையிலும் ஓர் இணை உண்டு. பழைய சூட்டுக்கம்பி வகை எம்ஏஎஃப், என்ஜின் அணைந்த பிறகு கம்பியைச் சுமார் 1,000 டிகிரி செல்சியஸ் வரை ஒரு நொடி சூடாக்கித் தூசியை எரித்துவிடும். எம்ஏபியின் சோதனையோ என்ஜின் கிளம்புமுன்: சாவி திருப்பியதும் அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். ஒன்று ஓட்டம் முடிந்து தன்னைத் துலக்கியது. மற்றது ஓட்டம் தொடங்குமுன் தன்னை மெய்ப்பிக்கிறது.

பெட்ரோல் வண்டிகளில் இரண்டின் பிழையையும் ஆக்சிஜன் சென்சார் ஓரளவு திருத்திவிடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009இல் வெளியிட்ட ஆய்வும் இதை ஒட்டியதே: அடைபட்ட ஏர் ஃபில்டர் நவீன பெட்ரோல் கார்களின் வேகமெடுப்பைக் குறைத்தது, மைலேஜைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. ஆகவே சென்சாரைக் கழுவுவதால் வருவது புதிய லாபமன்று, இழந்ததன் மீட்சி. இழப்பே இல்லாத வண்டியில் மீட்கவும் ஒன்றுமில்லை.

கழுவும் முறையில் இரண்டும் ஒரே கண்டிப்புக் கொண்டவை. முன்னதன் படலத்தைத் துணியால் துடைக்கலாகாது. பின்னதன் துளையில் ஊசி விடலாகாது. சென்சாருக்குரிய ஸ்பிரே அடித்து, முழுதும் உலரவிட்டு மாட்ட வேண்டும்.

அதன்பின் வழிகள் பிரிகின்றன. எம்ஏஎஃப் மீண்டும் அழுக்கானால் ஃபில்டர் பெட்டியின் மூடியையும் ரப்பரையும் பார்க்க வேண்டும். எம்ஏபி மீண்டும் அடைபட்டால் ஈஜிஆரையும் பிஸ்டன் ரிங்கையும். முன்னதற்கு ஒரு ஃபில்டர் விலையோடு கணக்கு முடியலாம். பின்னது என்ஜினைப் பிரிக்கும் செலவு வரை இழுக்கலாம். ஸ்பிரே ஒன்றானாலும், கழுவிய அழுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பவருக்கே மீண்ட மைலேஜ் நிலைக்கும்.