முத்திரை மட்டும் மிஞ்சிய பேரரசு: விஜயநகரமும் தஞ்சை நாயக்கர்களும்

1565 ஜனவரியில் தலைக்கோட்டைப் போர். ராமராயர் தலை போச்சு, ஹம்பி சூறையாடப்பட்டது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் விஜயநகரத்தின் கதை கிட்டத்தட்ட அதோடு முடிஞ்சிடும். ஆனால் அதற்குப் பிறகும் ஏறக்குறைய எண்பது வருஷம் அந்தப் பேரரசு மூச்சோடு இருந்தது. பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று தலைநகரை மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

எனக்கு எப்பவும் இருந்த கேள்வி இதுதான். பழைய பலத்தில் பாதிகூட இல்லாத ராயரை தஞ்சாவூர், மதுரை, செஞ்சி நாயக்கர்கள் ஏன் அத்தனை நாள் பேரரசர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்?

முதலில் இந்த நாயக்கர்கள் யார் என்று பார்த்துவிடலாம். இவர்கள் விஜயநகரம் அனுப்பிய ஆட்கள். படை வைத்துக்கொண்டு, வரி வசூலித்து, ராயருக்குப் பங்கு அனுப்ப வேண்டியவர்கள். தஞ்சையின் முதல் நாயக்கர் செவ்வப்ப நாயக்கர் ராஜ குடும்பத்துக்கே உறவு. அச்சுததேவராயரின் ராணிக்குத் தங்கை மூர்த்திமாம்பாளை மணந்தவர் என்பார்கள். மதுரை நாயக்கர்களைக் கல்வெட்டுகள் ராயரின் 'காரியத்துக்குக் கர்த்தர்' என்று குறிக்கின்றன. இன்றைய பேச்சில் சொன்னால் ஏஜென்ட். 1565-க்குப் பிறகு ஏஜென்ட்டுகள் மெல்ல மெல்ல முதலாளி ஆனார்கள். 'இன்று முதல் நாங்கள் சுதந்திரம்' என்று யாரும் பறையறிவிக்கவில்லை. கப்பம் தாமதமாகும், பிறகு நின்றுபோகும். கல்வெட்டில் மட்டும் ராயர் பெயர் முதலில் வரும்.

ஏன் அந்தப் பெயர் தேவைப்பட்டது? மைசூரைப் பாருங்கள். 1610-இல் ராஜ உடையார், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த ராயரின் பிரதிநிதியையே வெளியேற்றிவிட்டு ஊரைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்து, 1612-இல், அதே ஊரை அவருக்கு அளித்ததாக இரண்டாம் வேங்கடபதி ராயரின் சாசனம் வருகிறது! ராயரால் தடுக்க முடியவில்லை. ஆனாலும் அவர் முத்திரை விழாத வரைக்கும் உடையாருக்கு அது பறித்த நிலம்தான். முத்திரை விழுந்த பிறகுதான் உரிமை நிலம். சென்னையிலும் இதே கதை. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இடம் கொடுத்தது தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். ஆனால் 1645-இல் மூன்றாம் ஸ்ரீரங்க ராயரிடமும் போய் ஒரு சாசனம் வாங்கி வைத்துக்கொண்டார்கள் வெள்ளைக்காரர்கள். அந்த ராயர் அப்போது சிம்மாசனத்தையே காப்பாற்ற முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்.

சரி, இந்த முத்திரைக்காக டெல்டா கொடுத்த விலைக்கு வருவோம்.

1614-இல் வேங்கடபதி ராயர் இறந்தார். தன் அண்ணன் மகன் ஸ்ரீரங்கனை வாரிசாக நியமித்திருந்தார். கொப்பூரி ஜக்கராயன் அவனைக் குடும்பத்தோடு கொன்றுவிட்டு, ராணியின் மகன் என்று சொல்லப்பட்ட ஒரு பையனை அரியணையில் வைக்கப் பார்த்தான். ஸ்ரீரங்கனின் நடு மகன் ராமதேவன் மட்டும் தப்பினான். யாசம நாயக்கரின் ஏற்பாட்டில் ஒரு சலவைத் தொழிலாளி அவனைக் கோட்டையிலிருந்து கடத்தி வந்ததாக பர்ராதாஸ் என்ற ஏசு சபைப் பாதிரி 1616-இல் எழுதியிருக்கிறார்.

இது வேலூர்ப் பக்கத்து வாரிசுச் சண்டை. சண்டை நடந்த களமோ காவிரிக்கரை! மதுரை முத்துவீரப்ப நாயக்கரும் செஞ்சி நாயக்கரும் ஜக்கராயன் பக்கம். தஞ்சை ரகுநாத நாயக்கர் ராமதேவன் பக்கம். திருச்சிச் சமவெளியில் பத்து லட்சம் படைவீரர் கூடியிருக்கிறார்கள் என்கிறார் பர்ராதாஸ். அந்த எண்ணிக்கையை அப்படியே நம்பத் தேவையில்லை, ஆனால் பெரிய படை என்பதில் சந்தேகமில்லை. எதிரிகள் காவிரி அணையை உடைத்துவிட்டார்கள், அதைக் கேட்டு ரகுநாதர் கொதித்தெழுந்தார் என்று தஞ்சை அரசவைக் காவியமான ரகுநாதாப்யுதயம் சொல்கிறது. அரசவைப் புலவர் வாக்கு, கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். கல்லணைப் பக்கம் கை வைத்தால் கும்பகோணம் தாண்டி நன்னிலம் வரைக்கும் வயலுக்கு என்ன ஆகும் என்று நம்ம ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வேலூர்ச் சிம்மாசனம் யாருக்கு என்பதற்கு இங்கே அரசலாற்றுத் தண்ணீர் பணயம்.

தோப்பூரில் ஜக்கராயன் கொல்லப்பட்டான். ரகுநாதர் ராமதேவனுக்குக் கும்பகோணத்தில் முடிசூட்டினார். இதுதான் எனக்கு முக்கியமாகப் படும் இடம். ஒரு காலத்தில் ராயர்கள் தஞ்சைக்கு நாயக்கரை நியமித்தார்கள். இப்போது தஞ்சை நாயக்கர் ராயரை நியமிக்கிறார். அப்படியும் தானே ராயர் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லியிருந்தால் மதுரையும் செஞ்சியும் ஒப்புக்கொண்டிருக்குமா? சமமானவர்களுக்குள் ஒருவரை மற்றவர் மேலே ஏற்றிவைப்பதைவிட, பலமில்லாத பழைய எஜமானரையே மேலே வைத்துக்கொள்வது எல்லோருக்கும் சௌகரியம். ஆனால் காரியம் என்று வந்தால் ரகுநாதர் யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. 1620-இல் தரங்கம்பாடியை டேனிஷ்காரர்களுக்குக் கொடுத்த ஒப்பந்தம் அவரே செய்தது.

இந்த ஏற்பாடு குலைந்தது மூன்றாம் ஸ்ரீரங்கர் காலத்தில். 1642-இல் பட்டத்துக்கு வந்தவர், பெயருக்கு ராயராக இருக்க விரும்பவில்லை. பழைய அதிகாரத்தைத் திரும்பக் கேட்டார். மதுரைத் திருமலை நாயக்கர் அவரை அடக்க கோல்கொண்டா, பிஜப்பூர் சுல்தான்களின் துணையை நாடினார். ராயர் வேலூரை இழந்து கடைசியில் இக்கேரி நாயக்கரிடம் அடைக்கலம் போனார். 1649-இல் செஞ்சி பிஜப்பூர் கைக்குப் போனது. கூப்பிட்டு வந்த படை, கூப்பிட்டவரிடமும் கப்பம் கேட்டது. 1673-இல் மதுரைச் சொக்கநாத நாயக்கர் தஞ்சையைப் பிடித்தபோது, விஜயராகவ நாயக்கர் போரில் மாண்டார். நடுவில் நின்று சமாதானம் பேச, பெயருக்குக்கூட ஒரு ராயர் இல்லை.

இன்றைக்கு மாஸ்கோவும் 1991-இல் பிரிந்த நாடுகளும், பாரிஸும் மேற்கு ஆப்பிரிக்காவும் என்று செய்தி படிக்கும்போது, பழைய தலைநகரம் என்ன செய்கிறது என்று மட்டும்தான் பார்க்கிறோம். பிரிந்துபோனவர்கள் அந்தப் பழைய பெயரை ஒருவர்மேல் ஒருவர் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தஞ்சையும் மதுரையும் அதைத்தான் செய்தன.

தஞ்சை வீழ்ந்த சில வருஷங்களிலேயே பிஜப்பூரின் தளபதியாக வந்த ஏகோஜி இங்கேயே ராஜாவாக உட்கார்ந்துகொண்டார். அந்தக் கதையைத் தனியாக எழுத வேண்டும்.