நைட் பஸ்ல ஊருக்குப் போறீங்களா? வயிறு கெடாம போய்ச் சேர இந்த 3 விஷயம் போதும்!

தீபாவளி, பொங்கல், கோடை விடுமுறை என எந்த லீவாக இருந்தாலும் சென்னையிலிருந்து தென் மாவட்டங்களுக்குப் போகும் பஸ்களும் ரயில்களும் நிரம்பி வழிகின்றன. கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி நாகர்கோவிலில் இறங்குபவர் சுமார் 700 கிலோமீட்டர் பயணம் செய்கிறார். சாதாரண நாளிலேயே ஒரு முழு ராத்திரி ஓடிவிடும். பண்டிகை நேர நெரிசலில் எப்போது போய்ச் சேருவோம் என்று யாராலும் சொல்ல முடியாது.

டிக்கெட்டுக்கும் சீட்டுக்கும் அவ்வளவு மெனக்கெடும் பலர், சாப்பாட்டை மட்டும் 'போற வழியில பாத்துக்கலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். ஊருக்குப் போன முதல் நாளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுக்க வேண்டியதாகிறது. ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு இது ஒரு நாள் அவஸ்தை. குழந்தைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகளுக்கு இதுவே ஆபத்தாகவும் முடியலாம்.

என்ன செய்தால் தப்பிக்கலாம்? 'வெளிச்சாப்பாடே ஆகாது' என்பதும் முழு உண்மை இல்லை, 'வீட்டுச்சாப்பாடு என்றால் ஒன்றும் ஆகாது' என்பதும் முழு உண்மை இல்லை. பார்க்க வேண்டியது மூன்று விஷயங்கள்தான்: சமைத்து எவ்வளவு நேரம் ஆச்சு? எந்தச் சூட்டில் இருந்தது? போதுமான தண்ணீர் குடிச்சோமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

2 மணி நேரக் கணக்கு

சமைத்த உணவை அறையின் வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஒன்று ஆவி பறக்கும் சூட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். நம்ம ஊர் வெயில் 30, 35 டிகிரி. அதாவது கிருமிகளுக்கு ரொம்பவே வசதியான சூடு.

சாயங்காலம் 5 மணிக்குச் சமைத்து, டப்பாவில் சூடாக அடைத்து, ராத்திரி 11 மணிக்குத் திறக்கும் குருமாவும் சாம்பார் சாதமும் ஏன் நுரைத்துப்போகின்றன என்பதற்கு இதுதான் காரணம். மூடிய டப்பாவுக்குள் சூடு சட்டென்று இறங்காது. வெதுவெதுப்பான நிலையிலேயே பல மணி நேரம் கிடக்கும்.

சாதத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வேகும்போதும் சாகாது. சாதம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, நச்சுப்பொருளை உண்டாக்கும். வாந்தியை ஏற்படுத்தும் இந்த நச்சு, மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. சாப்பிட்ட அரை மணி நேரத்திலிருந்து 6 மணி நேரத்துக்குள் வாந்தி வரலாம். பஸ்ஸில் வாந்தி எடுத்தால் 'வண்டி ஒத்துக்கல' என்று நினைத்துக்கொள்கிறோம். சில நேரம் ஒத்துக்கொள்ளாதது வண்டியாக இருக்காது, கட்டிக்கொண்டு வந்த சாதமாக இருக்கும்.

கட்டுச்சோறு ஏன் கெடுவதில்லை?

அப்படியென்றால் அந்தக் காலத்தில் மாட்டு வண்டியில் புளியோதரை கட்டிக்கொண்டு போனார்களே, அது எப்படி?

பதில் புளியில் இருக்கிறது. புளிப்பு அதிகமுள்ள உணவில் பெரும்பாலான நோய்க்கிருமிகளால் எளிதில் பெருக முடியாது. புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரிய வற்ற விடுவதால் அதில் தண்ணீரும் குறைந்துவிடும், உப்பும் கூடுதல். அதோடு சாதத்தை அப்படியே அடைக்காமல், தாம்பாளத்தில் பரப்பி ஆறவைத்துக் கிளறுவது வழக்கம். அதனால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். பாட்டிகள் கைப்பக்குவமாகச் செய்துவந்த இதைத்தான், 'சமைத்ததை வேகமாக ஆறவை' என்று உணவுப் பாதுகாப்புப் பாடமும் சொல்கிறது.

இதே கணக்கை மற்ற உணவுகளுக்கும் போட்டுப் பார்க்கலாம்.

கட்டிக்கொண்டு போக ஏற்றவை: புளியோதரை, நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லி, குழம்பு இல்லாத சப்பாத்தி, வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முழுப் பழங்கள்.

தவிர்க்க வேண்டியவை: தேங்காய்ச் சட்னி, குருமா, தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு, உருளைக்கிழங்கு மசாலா, கிரேவியோடு இருக்கும் முட்டை, இறைச்சி.

தயிர் சாதம் இரண்டுக்கும் நடுவில். புளித்த தயிர் ஓரளவு பாதுகாப்பு தரும். ஆனால் 'போற வழியில புளிச்சிடும்' என்று பாலைக் கூடுதலாக ஊற்றி, தயிரைக் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசைந்தால் ஆரம்பத்தில் அந்தப் புளிப்பு இருக்காது. அதனால் பயணத்தின் முதல் வேளைக்கே அதை முடித்துவிடுவது நல்லது. புளியோதரையாக இருந்தாலும் அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும். மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது.

கட்டுவதற்கு வாட்டிய வாழை இலையோ, எவர்சில்வர் டப்பாவோ போதும். செய்தித்தாளில் மடிக்க வேண்டாம். அச்சு மையில் உள்ள ரசாயனங்கள் உணவில் கலக்கும் என்பதால், உணவைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ தொடர்ந்து எச்சரித்து வருகிறது.

ராத்திரி 1 மணிக்கு மோட்டலில் பஸ் நின்றால்?

முதலில், பசிக்கிறதா என்று பாருங்கள். 'பஸ் நின்னுடுச்சு, சாப்பிட்டுடுவோம்' என்பதற்காக நடுராத்திரியில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு உடனே சீட்டில் சாய்ந்தால், நெஞ்சு கரிக்கும், தூக்கமும் போகும். ஏறும் முன்பே 8 மணிவாக்கில் அளவாகச் சாப்பிட்டுவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை.

பசித்தால், கண்ணுக்கு முன்னால் சூடாவதைக் கேட்டு வாங்குங்கள். கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும் தோசை, ஆவி பறக்கும் இட்லி, கொதித்து இறங்கும் டீ, பால் போன்றவை ஓரளவு பாதுகாப்பானவை. வாளியில் ஆறிக்கிடக்கும் சட்னி, நறுக்கி வைத்த வெங்காயம், தயிர்ப் பச்சடி, வெட்டி வைத்த பழத்துண்டு இதெல்லாம் வேண்டாம். தோசை நல்லதாகவே இருந்து, சட்னியால் வயிறு கெடுவது சாதாரணமாக நடப்பதுதான்.

மயோனைஸ் வைத்தால் ஒதுக்கிவிடுங்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசே 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. சரியாகக் குளிர்ப்பதனம் செய்யாவிட்டால் அதில் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் வளரும் என்பதே காரணம்.

பழம் வேண்டுமா? நீங்களே தோலுரித்துச் சாப்பிடும் வாழைப்பழம், ஆரஞ்சு, கமலா பெஸ்ட். கொறிக்க வேண்டும் என்றால் எண்ணெய்ப் பலகாரத்தைவிடக் கடலை நல்லது. 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாயும் இந்த ரூட்டில்தான் கிடைக்கிறது. அதில் வெல்லப்பாகு இருப்பதால் சர்க்கரை நோயாளிகள் மட்டும் அளவு பார்க்க வேண்டும்.

சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவுங்கள். எல்லா வயிற்றுக் கிருமிகளையும் சானிடைசர் அழிக்காது. அழுக்கான கையில் அதன் வேலை இன்னும் குறைவு. பையில் ஒரு பேப்பர் சோப் இருந்தால் போதும்.

தண்ணீர் குடிக்காமல் வருவது தீர்வு இல்லை

பலரும், குறிப்பாகப் பெண்கள், பஸ் பயணம் என்றாலே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பஸ்ஸில் கழிப்பறை இல்லை, வழியில் இருப்பது சுத்தமாக இல்லை, டிரைவரிடம் நிறுத்தச் சொல்லக் கூச்சம்.

ஆனால் தண்ணீரைக் குறைத்து, சிறுநீரையும் அடக்கிக்கொண்டே வருவது சிறுநீர்த் தொற்றுக்கு வழி வைக்கும். தலைவலி, மலச்சிக்கல், களைப்பும் சேர்ந்துகொள்ளும். ஒரேயடியாக அரை லிட்டர் குடிக்காமல், அவ்வப்போது சில மடக்கு குடித்து வரலாம். பஸ் ஏறும் முன்பும், நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் கழிப்பறைக்குப் போய்விட்டு வருவது நல்லது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதுமான அளவு இருக்கிறது என்று அர்த்தம். அடர் மஞ்சள் என்றால் உடம்பு தண்ணீர் கேட்கிறது.

கர்ப்பிணிகளும் வயதானவர்களும் முடிந்தவரை ரயிலைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பெட்டியிலேயே கழிப்பறை இருக்கிறது, எழுந்து நடக்கவும் முடியும். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், கால் ரத்தநாளங்களில் ரத்தம் உறையும் அபாயம் சுமார் இரண்டு மடங்காகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2007-ம் ஆண்டு ஆய்வு சொன்னது. ஆரோக்கியமானவர்களுக்கு இந்த அபாயம் மிகக் குறைவுதான். பஸ்ஸில் போகிறவர்கள் மணிக்கு ஒருமுறை கணுக்காலைச் சுழற்றி, பாதத்தை மேலும் கீழும் அசைத்தால் நல்லது.

பாட்டில் தண்ணீர் வாங்கும்போது சீல், தயாரிப்புத் தேதி, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ உரிம எண் மூன்றையும் பாருங்கள். ரயிலில் 'ரயில் நீர்' 1 லிட்டர் விலை 2025 செப்டம்பர் 22 முதல் 15 ரூபாயிலிருந்து 14 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. கூடுதலாகக் கேட்டாலோ, உணவு சரியில்லை என்றாலோ 139-க்கு அழைத்துப் புகார் சொல்லலாம்.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால்?

பயப்பட வேண்டியது வயிற்றுப்போக்கைவிட, அதனால் உடம்பிலிருந்து வெளியேறும் நீரையும் உப்பையும் பற்றித்தான். அதை ஈடுகட்டுவதற்குத்தான் ஓ.ஆர்.எஸ் கரைசல். 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்காவன் அகதிகள் முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்குச் சலைன் போதாத நிலையில், மருத்துவர் திலீப் மஹலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த உயிரிழப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. மறைவுக்குப் பிறகு 2023-ல் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ் என்ற பெயரைப் போட்டுக்கொண்டு, சர்க்கரை அதிகமுள்ள டெட்ரா பாக்கெட் பானங்கள் பல ஆண்டுகள் கடைகளில் விற்றன. இதை எதிர்த்து ஹைதராபாத் குழந்தைநல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் நீண்ட காலம் போராடினார். 2025 அக்டோபரில், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ உத்தரவிட்டது. சர்க்கரை அதிகமான பானம் குடலுக்குள் தண்ணீரை இழுத்து, வயிற்றுப்போக்கைக் கூட்டவே செய்யும். கூல்டிரிங்க்ஸுக்கும் இது பொருந்தும்.

அதனால் மருந்துக் கடையில் உலக சுகாதார நிறுவன அளவு என்று குறிப்பிட்ட ஓ.ஆர்.எஸ் பவுடரைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். 20.5 கிராம் பாக்கெட் என்றால் முழுவதையும் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதிப் பாக்கெட், ஒரு டம்ளர் தண்ணீர் என்று கண்ணளவில் கலக்கக் கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். பாக்கெட் கிடைக்காத இடத்தில், 1 லிட்டர் தண்ணீருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டிய அளவில். உப்பு கூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தைக்கு ஓரிரு நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன் வீதம் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

மலத்தில் ரத்தம், அதிகக் காய்ச்சல், கண் குழிவிழுதல், 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது, குழந்தை சோர்ந்து குடிக்க மறுப்பது போன்ற அறிகுறிகள் இருந்தால் ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்து, அருகில் உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருத்துவ ஆலோசனைக்கு 104 எண் இருக்கிறது.

சர்க்கரை நோயாளிகள் கவனத்துக்கு

'மோட்டல் 9 மணிக்கு வந்துடும்' என்று நம்பி 8.45-க்கு இன்சுலின் போட்டுக்கொண்டு, பஸ் டிராஃபிக்கில் மாட்டினால்? சாப்பாடு இல்லாமல் சர்க்கரை தாழ்ந்துவிடும். சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலினையும், கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளையும் சாப்பாடு கைக்கு வந்த பிறகே எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. பயணத்துக்கான அளவை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தாலோ, சர்க்கரை 70-க்குக் கீழே போனாலோ உடனே 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று, நான்கு டீஸ்பூன் சர்க்கரை சாப்பிட வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும். இன்சுலினைப் பஸ் டிக்கியில் போடும் பெட்டிக்குள் வைக்காதீர்கள். சூட்டில் அது வீரியம் இழக்கும். கைப்பையில்தான் இருக்க வேண்டும். பக்கத்து சீட்டில் வருபவரிடம் 'எனக்கு சுகர் இருக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லி வைப்பதில் தப்பே இல்லை.

கிளம்பும் முன் பையில் இருக்கா?

• ஒரு வேளைக்கான கட்டுச்சோறு, ஆறவைத்துக் கட்டியது
• 1 லிட்டர் தண்ணீர்
• வாழைப்பழம், வறுத்த கடலை
• ஓ.ஆர்.எஸ் பவுடர் 2 பாக்கெட்
• பேப்பர் சோப்
• வழக்கமான மாத்திரைகள், இரண்டு நாளைக்குக் கூடுதலாக
• சர்க்கரை நோயாளிகள் என்றால் குளுக்கோஸ்

எல்லாம் சேர்த்தாலும் ஒரு சின்னத் துணிப்பை நிறையாது. அந்தப் பையை மேலே லக்கேஜ் வைக்கும் இடத்தில் ஏற்றிவிடாமல், கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.