ஃபுதாய் மதகு பிறந்த கதை

ஜப்பானின் வடகிழக்கே பசிபிக்கைப் பார்த்துக் கிடக்கும் சன்ரிக்குக் கடலோரத்துக்கு இரண்டு முகங்கள். மியாகோ நகருக்குத் தெற்கே, ஆறுகள் அரித்த பழைய பள்ளத்தாக்குகளுக்குள் கடல் புகுந்து, வாய் அகன்று உள்ளே போகப்போகக் குறுகும் குடாக்கள் ஆயின. வடக்கே செங்குத்தான பாறைச் சுவர். அதை ஓர் ஆறு அறுத்துக்கொண்டு கடலில் சேரும் இடத்தில்தான் மனிதர்கள் குடியிருக்க முடியும். அப்படி ஓர் ஊர் ஃபுதாய்.

ஆழிப்பேரலைக்கும் அதே இடம்தான் வழி. நடுக்கடலில் விமான வேகத்தில் வரும் அலை, ஆழம் குறையக் குறைய வேகம் இழந்து உயரம் பெறுகிறது. இருபக்கக் கரையும் நெருங்கினால் இன்னும் ஏறும்: குடாவின் அகலம் பாதியானால் அலையின் உயரம் ஏறக்குறைய 1.4 மடங்கு. 1896 ஜூன் 15 அன்று ரியோரிக் குடாவில் வெள்ளம் 38 மீட்டர் உயரம்வரை ஏறியதற்கு அந்தக் குடாவின் வடிவம் ஒரு முக்கியக் காரணம். அன்று மாலை நிலம் லேசாகத்தான் ஆடியது, யாரும் பயப்படவில்லை. சன்ரிக்கு முழுவதும் ஏறத்தாழ 22,000 பேர் மாண்டார்கள்.

நீளமான குடா, குட்டையான குடா என்ற வேறுபாடும் உயிர்களைத் தீர்மானிக்கும். 1960இல் சிலியிலிருந்து பசிபிக்கைக் கடந்து வந்த அலை, ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாக எழும் நீண்ட அலை. முந்தைய பேரலைகள் பயங்கரமாக எழுந்த குட்டைக் குடாக்களில் அது பெரிதாகவில்லை. நீண்டு கிடக்கும் ஓஃபுனாத்தோக் குடாவின் இயல்பான ஊசலாட்டத்தோடு ஒத்துப்போய், அங்கே ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. ஒரே கடலோரம்தான், ஆனாலும் பக்கத்து ஊரின் அளவு நம் ஊருக்குப் பொருந்தாது.

ஃபுதாயில் இதை உணர்ந்த மனிதர் வாமுரா கோதோகு. 1933ஆம் ஆண்டுப் பேரலைக்குப் பின் மண்ணுக்கடியிலிருந்து உடல்களைத் தோண்டி எடுப்பதைக் கண்ணால் பார்த்தவர். 1896, 1933 இரண்டிலுமாக அந்தச் சின்ன ஊர் 439 பேரை இழந்திருந்தது. 1947இல் ஊராட்சித் தலைவரான பிறகு அவர் ஒன்றையே பிடித்துக்கொண்டார்: 1896இல் இங்கே அலை 15 மீட்டர் எழுந்தது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள், ஆகவே தடுப்பு அதைவிட உயரமாக இருக்க வேண்டும்.

முதலில் 1967இல், ஓத்தனாபே மீன்பிடித் துறையில் 15.5 மீட்டர் சுவர் எழுந்தது. அடுத்து ஆற்றுக்குக் குறுக்கே, கடலிலிருந்து சுமார் 300 மீட்டர் உள்ளே, அதே உயரத்தில் 205 மீட்டர் நீள மதகு வேண்டும் என்றார். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. இவ்வளவு உயரம் எதற்கு, பணத்தை வேறு வேலைக்குச் செலவழிக்கலாமே என்றார்கள். நிலம் கொடுக்க வேண்டியவர்கள் மனம் வருந்தினார்கள். அதே கடலோரத்தில் தெற்கே இருக்கும் தாரோவின் புகழ்பெற்ற கடற்சுவரே 10 மீட்டர்தானே! அவர் இறங்கி வரவில்லை. சுமார் 350 கோடி யென் செலவில் 1984இல் மதகு முடிந்தது. 1987இல் பதவியை விட்டு, 1997இல் காலமானார். தம் மதகுக்கு வந்த சோதனையை அவர் பார்க்கவில்லை.

2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் வந்ததும், மதகின் பெரிய கதவுகளைத் தொலைவிலிருந்தே இறக்கினார்கள். பக்கத்துச் சிறு கதவுகள் சிக்கிக்கொள்ள, தீயணைப்புப் படையினர் ஓடிப்போய்க் கையால் மூடினார்கள். வந்த அலை 20 மீட்டருக்கும் மேல், மதகையும் தாண்டியது. ஆனால் அதன் பலம் அங்கேயே உடைந்துவிட்டது. உள்ளே விழுந்த தண்ணீர் சில நூறு மீட்டரோடு நின்றது. பள்ளிக்கூடத்தையோ வீடுகளையோ தொடவில்லை. தாரோவில் சுவரைத் தாண்டிய அலை ஊரையே வாரிக்கொண்டது.

உயரம் மட்டும் ஃபுதாயைக் காப்பாற்றவில்லை என்பதே என் கணிப்பு. மலையிடுக்கில், கடலைவிட்டுத் தள்ளி, தண்ணீர் நுழையும் ஒரே வழியை மறித்து நின்ற இடத்துக்கும் அதே பங்கு உண்டு.

மதகுக்கு வெளியே இருந்த துறைமுகம் நாசமானது. ஃபுதாயில் காணாமல் போனவர் ஒரே ஒருவர். அலை வருவதற்குள் தம் படகைப் பார்த்துவிடலாம் என்று மதகைத் தாண்டிப் போனவர் அவர்.