யாருடைய சம்மதம் செல்லும்?

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் நடைமுறைக்கு வந்த மாவட்டம் சேலம். நாள்: 1937 அக்டோபர் 1. அப்போது மாகாணப் பிரதமராக இருந்தவர் இராஜாஜி. இன்றைய நாமக்கல் மாவட்டமும் அன்று சேலத்தின் பகுதியே. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925இல் அமைந்த காந்தி ஆசிரமம், அதற்கு முன்பிருந்தே குடிக்கு எதிராகப் பிரசாரம் செய்து வந்தது. 1929இல் அங்கிருந்து ‘விமோசனம்’ என்ற இதழும் வெளிவந்தது.

1937ஆம் ஆண்டுச் சட்டம் கடைகளை மூடியது; காய்ச்சியவரையும் குடித்தவரையும் குற்றவாளிகளாகக் கண்டது. பிற்காலத்தில் மருத்துவம் வேறொன்றைச் சொன்னது: போதைக்கு அடிமையானவர் ஒரு நோயாளி. இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நோயாளி சிகிச்சைக்கு வர மறுத்தால் என்ன செய்வது? அவன் பதினாறு வயதுச் சிறுவனானால் யாருடைய சம்மதம் செல்லும்?

1875ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் 18 வயது நிறைந்தவரே ‘மேஜர்’. அதற்குக் குறைந்தவருக்காகக் காப்பாளர் முடிவு செய்வார். 1987இல் இயற்றப்பட்ட மனநலச் சட்டமும் இதே வழியில் சென்றது. காப்பாளர் விண்ணப்பித்தால் சிறுவனை ‘தானே விரும்பி வந்த நோயாளி’ என்ற பிரிவில் சேர்க்கலாம். விருப்பம் தந்தையுடையது; பெயரோ மகனுடையது!

அடைத்து வைப்பதே சிகிச்சையாகிவிட்டால் என்ன நேரும் என்பதைத் தமிழகம் 2001 ஆகஸ்ட் 6இல் கண்டது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர்.

2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, இந்நிலையை மாற்றியது. மது, போதைப் பொருள்களால் விளையும் மனநலக் கேடுகளும் இச்சட்டத்தில் அடங்கும். சிறுவனை உள்நோயாளியாகச் சேர்க்கப் பெற்றோரின் விண்ணப்பம் மட்டும் போதாது. இருவர் தனித்தனியே அவனைப் பரிசோதிக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது மனநல மருத்துவராக இருத்தல் வேண்டும். வீட்டிலோ ஊரிலோ வைத்துக் குணப்படுத்த வழியில்லை என்பது தெளிவாக வேண்டும். சிறுவனின் விருப்பத்தை அறிய முடியுமானால் அதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

சேர்த்த பிறகும் காவல் உண்டு. பெரியவர்களிடமிருந்து பிரித்தே அவனைத் தங்கவைக்க வேண்டும். பெற்றோரோ உதவியாளரோ உடனிருக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போகவேண்டும். வாரியம் நேரில் வந்து சிறுவனிடம் பேசலாம். 30 நாளைத் தாண்டினால் மறுஆய்வு கட்டாயம். சங்கிலியால் கட்டுவது யாருக்கும் கூடாது.

அமெரிக்க உச்சநீதிமன்றமும் 1979இல் பார்ஹாம் வழக்கில், பெற்றோர் முடிவை நடுநிலையான ஒருவர் ஆராய வேண்டும் என்றது. ஆனால் நீதிமன்ற விசாரணை தேவையில்லை என்று நிறுத்திக்கொண்டது.

இவ்வுரிமைகள் ஏட்டோடு நின்றுவிடலாகாது. முகர்ந்து போதையேற்றும் பொருள்களின் பழக்கம் பெரியவர்களிடம் 0.58 விழுக்காடு, சிறார்களிடமோ 1.17 விழுக்காடு என்கிறது 2019இல் வெளியான தேசிய ஆய்வு. மகனைக் காப்பாற்றத் துடிக்கும் பெற்றோர் எந்த வாசலைத் தட்டினாலும், அங்கே பரிசோதித்தவர் யார், வாரியத்துக்குத் தகவல் போனதா என்று கேட்கலாம். பதில் கிடைக்காவிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். சிறாருக்கு அங்கே சட்ட உதவி இலவசம்.