டியூக் ஆஃப் குளோஸ்டர் (நீராவி எஞ்சின், எண் 71000)

பிரிட்டிஷ் ரயில்வே 1954-இல் இங்கிலாந்தின் க்ரூ பணிமனையில் கட்டிய விரைவு வண்டி எஞ்சின். ‘ஸ்டாண்டர்டு எட்டாம் வகுப்பு’ என்ற வகையில் உருவானது இது ஒன்றுதான். எட்டே ஆண்டு ஓடிக் காயலான் கடைக்குப் போன இதைத் தன்னார்வலர்கள் மீட்டு மறுபடி ஓட வைத்தார்கள். கட்டியவர்களுக்குப் பிடிபடாமலே போன ஒரு குறை, பழுது பார்த்தவர்கள் கையில் அகப்பட்டது. இந்த எஞ்சினுக்குத் தனி இடம் கொடுப்பது அதுதான்.

1952 அக்டோபர் 8 அன்று லண்டனுக்கு அருகே ஹாரோ-வீல்ட்ஸ்டோன் நிலையத்தில் நடந்த மோதலில் 112 பேர் இறந்தனர். ‘பிரின்சஸ் ஆன்’ என்ற எஞ்சின் சீர்செய்ய முடியாதபடி நொறுங்கியது. அதற்கு மாற்றாக ஒன்று கட்ட அனுமதி கிடைத்தபோது, இப்படியொரு பெரிய எஞ்சினை ஏற்கெனவே மனத்தில் வைத்திருந்த ரயில்வே பொறியாளர் ராபர்ட் ரிடில்ஸ் அதைப் பயன்படுத்திக்கொண்டார். இந்த அளவு வலுவுக்கு இரண்டு சிலிண்டர் வைத்தால் அவற்றின் பருமன் பாதையோரக் கட்டுமானங்களில் இடிக்கும் என்பதால் மூன்று சிலிண்டர் வைத்தார்கள். சிலிண்டர்களில் நீராவியை விடவும் வெளியேற்றவும், இத்தாலியரான ஆர்த்துரோ காப்ரொட்டியின் முறை அமைந்தது. சுழலும் தண்டிலுள்ள கேம்கள், மோட்டார் கார் எஞ்சினில் போல, வால்வுகளைத் தூக்கித் திறக்கும்.

ஸ்விண்டன் சோதனை நிலையத்தில் சிலிண்டர்களின் சிக்கனம் வியப்பளித்தது. பாய்லரோ போதிய நீராவி தரவில்லை. க்ரூ நார்த் ஷெட்டிலிருந்து ஹோலிஹெட் துறைமுக வண்டிகளை இழுத்த காலத்தில், கரி தின்னும் எஞ்சின் என்று ஊழியரிடையே பெயரெடுத்தது. டீசல் வந்துகொண்டிருந்த நேரம். காரணத்தைத் தேட எவரும் மெனக்கெடவில்லை. 1962-இல் ஓய்வு கொடுத்தார்கள்.

முழு எஞ்சினையும் தேசியச் சேகரிப்பில் வைப்பதாகத்தான் முதலில் எண்ணம். பிறகு, சிலிண்டரும் வால்வு அமைப்பும் மட்டும் போதும் என்று முடிவாயிற்று. வெளிச் சிலிண்டர் ஒன்றைக் கழற்றி, உட்புறம் தெரியும்படி வெட்டி லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் வைத்தனர். மிச்சம் தெற்கு வேல்ஸில் பாரி ஊரிலிருந்த வுட்ஹாம் சகோதரர்களின் பழைய இரும்புக் களத்துக்கு விற்கப்பட்டது. வழியில் தவறுதலாக வேறொரு களத்துக்குப் போய் மீண்டதாகவும் சொல்வதுண்டு. பாரியில் களத்தின் உரிமையாளர் டாய் வுட்ஹாம் சரக்குப் பெட்டிகளை உடைப்பதையே முதல் வேலையாக வைத்திருந்தார், அது சுலபம். எஞ்சின்கள் கடற்காற்றில் துருவேறிக் காத்திருந்தன. அந்த ஒரு களத்திலிருந்து ஆர்வலர்கள் மீட்டவை மட்டும் 200-க்கு மேல்.

71000-ஐ 1974-இல் ஒரு குழு வாங்கி, லாஃப்பரோவிலுள்ள கிரேட் சென்ட்ரல் ரயில்வேக்குக் கொண்டுவந்தது. பாரியிலிருந்து வந்த மற்ற எஞ்சின்களுக்குத் துரு நீக்கிப் பாகம் மாற்றினால் வேலை பெரும்பகுதி முடிந்துவிடும். இதில் தலையான உறுப்பே இல்லை. இதே வகையில் இன்னொன்று இருந்தால் பாகம் எடுக்கலாம், அதுவும் கிடையாது. வரைபடங்களை வைத்துக்கொண்டு அச்சு செய்து, சிலிண்டரை வார்ப்பித்து, காப்ரொட்டி வால்வுப் பெட்டிகளையும் கேம்களையும் புதிதாகக் கடைந்தெடுக்க வேண்டியிருந்தது. இது நடக்காத காரியம் என்றே பலர் கருதினர். வேறு வேலை பார்த்துப் பிழைத்தவர்கள் விடுமுறை நாட்களில் வந்து, நன்கொடை திரட்டி, ஏறத்தாழ 12 ஆண்டுகளில் அதை முடித்தனர். 1986-இல் எஞ்சின் மறுபடி நீராவி கண்டது.

வரைபடத்தையும் எதிரே நிற்கும் இரும்பையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் அந்தக் குறை தென்பட்டது. தீத்தட்டின் அடியில் சாம்பல் தட்டு; அதன் கதவுகள் வழியாகத்தான் தீக்குக் காற்று போக வேண்டும். வரைந்த அளவைவிட அந்தத் திறப்புகள் சிறியவையாகக் கட்டப்பட்டிருந்தன. எட்டு ஆண்டுகளும் தீ மூச்சுத் திணறிக்கொண்டே எரிந்திருக்கிறது. கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேனின் தோள்வலி வீண். புகைபோக்கியின் அமைப்பும் இந்த அளவு எஞ்சினுக்குப் பொருந்தவில்லை. சாம்பல் தட்டைத் திருத்திய குழுவினர், பின்னர் பின்லாந்தின் கைலாலா, பிரான்சின் ஷப்லோன் ஆகியோர் பெயர் சேர்ந்த ‘கைல்சாப்’ புகைபோக்கி அமைப்பையும் பொருத்தினர்.

எந்தத் திருத்தம் எவ்வளவு பலன் தந்தது என்பதில் கருத்து ஒன்றாக இல்லை. சாம்பல் தட்டே முழுக் காரணம் என்போர் உண்டு. புகைபோக்கிக்கே பெரும்பங்கு என்போரும் உண்டு. இன்றைய எஞ்சினை 1954-இன் எஞ்சினோடு ஒப்பிடுவது முறையா என்ற கேள்வியும் எழுந்திருக்கிறது. 1990-இல் முதன்மைப் பாதைக்குத் திரும்பியபின், ஷாப் போன்ற கடும் ஏற்றங்களில் கனமான வண்டிகளைத் தளராமல் இழுத்ததை மட்டும் எவரும் மறுப்பதில்லை.

ஓட்டுவதைவிடப் பேணுவதே பெரும்பாடு. பாய்லர் ஒரேயடியாகச் சூடேறினால் தகடுகள் சீரில்லாமல் விரிந்து சேதமாகும். எனவே ஓடவேண்டிய நாளுக்கு முன்பே சிறு தீ மூட்டி, மணிக்கணக்காகக் காவலிருந்து மெல்ல மெல்லச் சூடேற்றுவார்கள். புகைக்குழாய்களில் ஒவ்வொன்றாகக் கம்பி விட்டுக் கரி நீக்குவதும், சாம்பல் அள்ளுவதும், பாய்லரைக் கழுவி உப்புப் படிவு அகற்றுவதும் கூலியில்லாமல் நடக்கும் வேலைகள். பாய்லருக்கு வழக்கமாகப் பத்தாண்டு அளவிலேயே சான்று கிடைக்கும். முடிந்ததும் முழுக்கப் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

2012-இல் 71000 அத்தகைய பெரும் பழுதுபார்ப்புக்காக ஓட்டத்திலிருந்து விலகி, பின்னர் பர்மிங்ஹாம் அருகே டைஸ்லி பணிமனையை அடைந்தது.

அருங்காட்சியகத்துக்காக வெட்டிய சிலிண்டர் எஞ்சினுக்குத் திரும்பவேயில்லை. அதன் இடத்தில் இருப்பது தன்னார்வலர்கள் வார்ப்பித்தது.